கொம்பனித்தெருவில் கோபுரம் எழும்பின காலம்

2010களில் கொழும்புக்குப் போய் வந்தவர்கள் பேர வாவிக்கரையில் அதைக் கவனித்திருப்பீர்கள். கிரேன்களுக்கு நடுவில் இரண்டு கோபுரங்கள். ஒன்று நேராக எழும்ப, மற்றது அதன்மேல் சாய்ந்தபடி ஏறிக்கொண்டிருந்தது. பெயர் அல்டெயார். 240 மீற்றர் உயரம், 68 மாடி, சுமார் 400 சொகுசு வீடுகள். வடிவமைத்தவர் மொஷே சப்டி. 1967இல் மொன்றியலில், தொடர்மாடியில் இருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தோட்டம் வேணும் எண்ட கனவோடு 'ஹபிடற் 67'ஐக் கட்டினதும் இவர்தான்.

அந்தக் கோபுரம் நிற்கிற ஊருக்கு ஆங்கிலத்தில் நீண்டகாலம் 'ஸ்லேவ் ஐலண்ட்' எண்டுதான் பெயர். அடிமைத்தீவு. ஒல்லாந்தர் தங்கள் அடிமைகளை இரவில் வாவி சூழ்ந்த இந்த நிலத்தில்தான் அடைத்து வைத்தார்கள். பிறகு ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மலாயர் இங்கே வேரூன்றினார்கள். வேகந்தைப் பள்ளிவாசல் 1786இல் எழுந்தது. பிரித்தானியரின் மலாய்ப் படையை ரைபிள் வீதியின் பெயர் இன்னும் நினைவுபடுத்துகிறது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், மலாயர் எல்லாரும் நெருக்கியடித்து வாழ்ந்த ஊர் இது.

போர் முடிந்ததும் கதை மாறியது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. அதே வருஷம் மே மாதம் மியூஸ் வீதி வீடுகள் இடிக்கப்பட்டன. இராணுவம் பக்கத்தில் நின்றது. பிறகு ஜாவா லேன் சனத்திடம், வாடகைக் காசு தாறம், புது மாடி வீடு தாறம் எண்டு சொல்லி வெளியேற்றினார்கள். சனம் வருஷக்கணக்காகக் காத்திருந்தது. கொழும்பின் வேறு தோட்டங்களிலிருந்து எழுப்பப்பட்ட பலருக்குக் கிடைத்தது தெமட்டகொடைப் பக்கம் சுமார் 400 சதுர அடி வீடு.

அல்டெயாருக்காக இவர்களை எழுப்பினார்கள் எண்டு நான் சொல்லவில்லை. ஆனால் காலம் ஒன்று, ஊர் ஒன்று, பின்னால் நின்ற கணக்கும் ஒன்று: காணி விலை. வாவியைப் பார்க்கிற நிலம் தங்கமானபோது, அதில் தலைமுறையாக இருந்தவர்கள் 'அனுமதியற்ற குடியிருப்பாளர்' ஆனார்கள். உறுதியும் வரி ரசீதும் வைத்திருந்தவர்களையும் அந்தச் சொல் விடவில்லை.

பிறகு 'ஸ்லேவ் ஐலண்ட்' எண்ட பெயரைக் கைவிட்டு, ஆங்கிலத்திலும் 'கொம்பனி'ப் பெயரிலேயே எழுத அரசு முடிவெடுத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தக் 'கொம்பனி'யும் ஒல்லாந்தரின் வணிகக் கொம்பனிதான். இந்த நிலத்தில் யார் இருக்கலாம், யார் போகவேணும் எண்டு அன்று தீர்மானித்தது அதுதான். இன்று தீர்மானிப்பது யார்?