மெழுகு மூக்கும் சேவல் கொண்டையும்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் 45 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

போன மாதம் என் தங்கை மகள் போன் செய்தாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். "பெரியம்மா, கன்னத்துலயும் உதட்டுலயும் ஃபில்லர் போட்டுக்கலாம்னு இருக்கேன். பக்கத்து டவுன் பார்லர்ல பாதி விலைக்கு ஆஃபர். ஊசியே கிடையாதாம், பேனா மாதிரி ஒண்ணை வெச்சு அழுத்துவாங்களாம். அம்மா வேண்டாங்கறா. நீங்க சொன்னா கேப்பா."

எனக்கு ஃபில்லர் என்றால் என்னவென்றே தெரியாது. "ரெண்டு வாரம் டைம் குடு, படிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன். வரலாறு எடுத்தவளுக்கு எதையும் முதலிலிருந்து படித்தால்தான் மண்டையில் ஏறும். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன். நான் வைத்தியம் படித்தவள் இல்லை. என்னிடம் படித்து டாக்டர் ஆனவர்கள், தப்பு இருந்தால் தயங்காமல் திருத்துங்கள்.

அதற்கு முன் ஒன்று. "அழகில் என்ன இருக்கிறது, மனசுதான் முக்கியம்" என்று நான் சொல்லப்போவதில்லை. 1962இல், ஐந்து வயதில் எனக்குப் பெரியம்மை போட்டது. உயிர் தப்பியது, முகத்தில் குழிகள் தங்கிவிட்டன. பெண் பார்க்க வந்தபோது ஜன்னல் வெளிச்சம் படாத பக்கமாக என்னை நகர்த்தி உட்கார வைத்த அத்தையை இன்னும் மறக்கவில்லை. 1989 செட் எனக்கு வைத்த பட்டப்பெயரும் எனக்குத் தெரியும். வைத்தவன் இப்போது பேங்க் மேனேஜர், என் பதிவுகளுக்கு முதல் லைக் அவனுடையதுதான். ஆகவே முகத்தைச் சரிசெய்துகொள்ள நினைப்பவர்களை நான் ஏளனம் செய்ய மாட்டேன்.

இந்த வரலாறு தொடங்குவதும் ஒரு தழும்பில்தான். 1893இல் ஜெர்மனியில் நொய்பர் என்ற அறுவை மருத்துவர், காசநோயால் கண்ணுக்குக் கீழே எலும்பு அரித்துப் பள்ளம் விழுந்த ஒருவருக்கு, அவர் கையிலிருந்தே கொழுப்பைச் சிறு துண்டுகளாக எடுத்து அந்தப் பள்ளத்தை நிரப்பினார். பெரிய துண்டாக வைத்தால் நிற்காது, சிறியதுதான் நிற்கும் என்றும் கண்டுகொண்டார். அவருடைய உடம்பின் பொருளை அவருக்கே வைத்ததால் உடம்பும் ஏற்றுக்கொண்டது.

ஆனால் அதற்குக் கத்தி வைக்க வேண்டும். கத்தி இல்லாமல் ஊசியிலேயே நிரப்ப முடியுமா என்று பார்த்தவர் வியன்னாவின் ராபர்ட் கெர்சுனி. 1899இல் அவர் பெட்ரோலிய ஜெல்லியை உருக்கி ஊசியில் செலுத்தினார். முதலில் செலுத்தியது முகத்தில் அல்ல, ஓர் இளைஞனுக்கு வேறோர் அறுவையால் உண்டான வெற்றிடத்தை நிரப்ப. (எங்கே என்று கேட்காதீர்கள், வயதில் சின்னவர்களும் படிக்கிறார்கள்.) பார்த்தால் நன்றாக இருந்தது. அவ்வளவுதான், அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பாரஃபின் மெழுகு ஊசி பரவியது. சப்பை மூக்கு, கன்னப் பள்ளம், சுருக்கம் எல்லாவற்றுக்கும் மெழுகு.

இங்கே கிளாடிஸ் டீக்கன் என்ற பெண்ணின் கதையைச் சொல்ல வேண்டும். பாரிஸில் பிறந்த அமெரிக்கப் பெண். பேரழகி என்று அந்தக் காலத்து ஐரோப்பா முழுக்கப் பேச்சு. தன் முகம் பக்கவாட்டில் கிரேக்கச் சிலை மாதிரி, நெற்றியும் மூக்கும் ஒரே கோடாக இறங்க வேண்டும் என்று ஆசை. 22 வயதில் மூக்குத் தண்டில் மெழுகை ஏற்றிக்கொண்டாள். நாளாக ஆக மெழுகு நகர்ந்தது. மூக்கிலிருந்து இறங்கித் தாடைப் பக்கம் கட்டி கட்டியாகச் சேர்ந்தது. 1921இல் மார்ல்பரோ கோமகனை மணந்து பிளெனம் அரண்மனைக்கு எஜமானி ஆனாள். எட்டாம் வகுப்பில் சர்ச்சில் பிறந்த அரண்மனை என்று சொல்லிக்கொடுத்தேனே, அதுதான். அந்தக் கோமகன் சர்ச்சிலுக்கு ஒன்றுவிட்ட சகோதரர். கல்யாணம் நிலைக்கவில்லை. பிற்காலத்தில் யாரையும் பார்க்காமல் ஒரு கிராமத்தில் ஒதுங்கி வாழ்ந்து, கடைசியில் மனநல மருத்துவமனையில் 1977இல், 96 வயதில் இறந்தாள். அரண்மனை முகப்பின் கூரையில் 1928இல் தீட்டிய அவளுடைய நீலக் கண்கள் மட்டும் இன்றும் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவளுடைய துன்பம் எல்லாவற்றுக்கும் மெழுகுதான் காரணம் என்று சொன்னால் அது சரியான வரலாறு ஆகாது. ஆனால் 22 வயதில் செய்ததை 96 வரை முகத்தில் சுமந்தாள்.

உடம்பால் மெழுகைக் கரைக்க முடியாது. கரைக்க முடியாததைச் சுற்றி வேலி கட்டும், அந்த வேலிதான் கல் மாதிரிக் கட்டியாகிறது. சிலருக்கு அது வருஷங்கள் கழித்துத்தான் தெரிந்தது. எடுக்க வேண்டுமென்றால் சதையோடு அறுத்து எடுக்க வேண்டும். இன்னும் மோசம், மெழுகு ரத்தக்குழாய்க்குள் போய்ப் பார்வை பறிபோனதாக 1900களின் தொடக்கத்திலேயே மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகும் பல வருஷம் ஊசி நிற்கவில்லை.

அடுத்தது சிலிக்கோன் திரவம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில், தொழிற்சாலைக்கென்று வந்த திரவத்தையே பெண்களின் மார்பில் செலுத்தினார்கள். 1960களில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் வரை அது போனது. பிறகு அதே கட்டி, அதே நகர்தல், அதே அறுவை. 1970களில் நெவாடா மாநிலம் சிலிக்கோன் ஊசி போடுவதையே குற்றமாக்கியது. மெழுகில் படித்த பாடத்தை மறுபடி முதலிலிருந்து படித்தார்கள், அவ்வளவுதான்.

1981இல் மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜனுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. இது உடம்பில் கரையும், மூன்று நான்கு மாதத்தில் போய்விடும். நூறில் மூன்று பேருக்கு ஒவ்வாமை என்பதால் முன்கையில் கொஞ்சம் போட்டு ஒரு மாதம் காத்திருந்து பார்த்த பிறகே முகத்துக்கு.

இப்போது என் தங்கை மகளுக்குப் போடுவதாகச் சொன்ன பொருளுக்கு வருகிறேன். ஹயலூரானிக் அமிலம். பெயரில்தான் அமிலம், பயப்பட வேண்டாம். 1934இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயர், ஜான் பாமர் என்ற இருவர் மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் தெளிந்த கூழிலிருந்து இதைப் பிரித்தார்கள். கிரேக்கத்தில் ஹயலாஸ் என்றால் கண்ணாடி, அதிலிருந்து வந்த பெயர். நம் தோல், மூட்டு, கண் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் இதன் வேலை.

இதை மருந்தாக்கியவர் ஹங்கேரியில் பிறந்த எந்த்ரே பாலாஷ். இளம் வயதில் அவருக்குத் தோன்றிய பயன் என்ன தெரியுமா? கேக் செய்கிறவர்களுக்கு முட்டை வெள்ளைக்கருவுக்குப் பதிலாக! பிறகு சேவல் கொண்டையிலிருந்து சுத்தமாகப் பிரித்தெடுக்கக் கற்று, கண் அறுவையில் பயன்படுத்தும் கூழாக்கினார். 1980 வாக்கில் அது விற்பனைக்கு வந்தது. உங்களில் முட்டிவலிக்கு மூட்டுக்குள் கூழ் ஊசி போட்டுக்கொண்ட அண்ணன்மார், அக்காமார் இருப்பீர்களே, பெரும்பாலும் அதுவும் இந்தக் குடும்பம்தான்.

இயற்கையான ஹயலூரானிக்கைத் தோலில் வைத்தால் சில நாளில் உடம்பு கரைத்துவிடும். சுவீடனின் உப்சாலாவில் அதைச் சேவலிலிருந்து எடுக்காமல் பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்து, அதன் இழைகளை வேதிப்பொருளால் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டார்கள். முடிச்சு இருப்பதால் கரைய மாதங்கள் ஆகும். ரெஸ்டிலேன் என்ற பெயரில் 1996இல் ஐரோப்பாவிலும் 2003 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றும் வந்தது. ஆறு மாதம் முதல் ஒரு வருஷம், சில வகை அதற்கு மேலும் நிற்கும் என்பது கணக்கு. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் சிலருக்குப் பல வருஷம் கழித்தும் மிச்சம் இருந்ததாகத் தெரிகிறது.

இதில் எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த நீண்ட ஆயுள் அல்ல. இதைக் கரைக்க ஒரு நொதி இருக்கிறது, ஹயலூரானிடேஸ் என்று பெயர். பிடிக்கவில்லையா, கோணலாகிவிட்டதா, அந்த நொதியைச் செலுத்தினால் கரைந்துவிடும். கெர்சுனியிடம் அது இல்லை. கிளாடிஸுக்கு அது கிடைக்கவில்லை. எல்லா ஃபில்லருக்கும் இது பொருந்தாது என்பதையும் கவனியுங்கள். கால்சியம் வகை, பாலிலாக்டிக் வகை என்று வேறு சிலவும் உண்டு, அவற்றுக்கு இந்த நொதி உதவாது.

பாலிலாக்டிக் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், பலரும் மறந்துவிட்ட வரலாறு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். 2004 ஏப்ரல் முதல் அரசு இலவசமாக மருந்து கொடுக்கத் தொடங்கியது, தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. அன்று கொடுத்த மருந்துகளில் ஸ்டாவுடின் என்று ஒன்று. உயிரைக் காத்தது. ஆனால் நாளடைவில் கன்னத்துக் கொழுப்பைக் கரைத்து ஒட்டிப்போக வைத்தது. உடம்பு தேறிவிட்டாலும் முகத்தைப் பார்த்தே ஊர் கண்டுபிடித்துவிடும். வீட்டு வாடகையும் வேலையும் கல்யாணமும் அந்தக் கன்னத்தில் தொங்கின. அதே 2004இல் அமெரிக்காவில் ஸ்கல்ப்ட்ரா என்ற பாலிலாக்டிக் ஃபில்லருக்கு அனுமதி கிடைத்தது, சுருக்கத்துக்கு அல்ல, இப்படி ஒட்டிப்போன கன்னங்களுக்கு. 2009இல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. ஃபில்லர் என்றாலே பணக்காரர் விளையாட்டு என்று நினைத்திருந்த எனக்கு, இதைப் படித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

சரி, ஆபத்துக்கு வருவோம். ஒரு சிரிஞ்சில் இருப்பது பெரும்பாலும் 1 மில்லி, ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. போட்ட பிறகு வீக்கம், கன்றிப்போதல், வலி சகஜம், சில நாளில் அல்லது இரண்டு வாரத்தில் போய்விடும். சிலருக்கு மாதங்கள் கழித்துக் கட்டி வரும், கிருமி தொற்றும். பெரும்பாலோருக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை, அதையும் மறைக்கக் கூடாது.

பயம் எங்கே என்றால் ரத்தக்குழாயில். முகத்தின் ரத்தக்குழாய்களும் கண்ணுக்குப் போகும் குழாயும் புருவங்களுக்கு நடுவிலும் மூக்கைச் சுற்றியும் ஒன்றோடொன்று சேர்கின்றன. ஊசி முனை தெரியாமல் குழாய்க்குள் போய், அழுத்தித் தள்ளினால் கூழ் ரத்தத்தின் எதிர்த்திசையில் ஏறும். அழுத்துவதை நிறுத்தியதும் ரத்தமே அதை விழித்திரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். 2015இல் கனடா மருத்துவர் கேட்டி பெலெஸ்னே குழுவினர் உலகம் முழுவதும் மருத்துவ இதழ்களில் வந்ததைத் திரட்டியபோது, இப்படிப் பார்வை பாதித்தவர்கள் 98 பேர். கோடிக்கணக்கான ஊசிகளில் இது சிறிய எண்தான். ஆனால் பெரும்பாலோருக்குப் பார்வை திரும்பவில்லை. அவர்களில் அதிகம் பேர் போட்டுக்கொண்டது எது தெரியுமா? தங்கள் கொழுப்பையேதான். நொய்பர் கத்தியால் வைத்ததைப் பின்வந்தவர்கள் ஊசியால் தள்ளியதன் விளைவு. அடுத்தது ஹயலூரானிக்.

அதே 2015இல் அமெரிக்க நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. தோல் திடீரென வெளுத்தால், வலை பின்னிய மாதிரி நிறம் மாறினால், தாங்க முடியாத வலி வந்தால், பார்வை மங்கினால், அந்த நொடியே நிறுத்த வேண்டும். தோலுக்கு ரத்தம் தடைபட்டால் நொதியை உடனே, தாராளமாகச் செலுத்திப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். விழித்திரை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்கிறார்கள். கண் விஷயத்தில் நொதி போட்டாலும் உறுதி இல்லை.

இங்கிலாந்தில் 2013இல் புரூஸ் கியோ என்ற மருத்துவர் தலைமையில் அரசு ஒரு ஆய்வு நடத்தியது. ஃபில்லர் போட்டுக்கொள்கிறவருக்கு இருக்கும் பாதுகாப்பு ஒரு பால்பாயிண்ட் பேனாவோ பல் துலக்கும் பிரஷோ வாங்குகிறவருக்கு இருப்பதைவிட அதிகமில்லை என்று அந்த அறிக்கை சொன்னது. 2021 அக்டோபரில்தான் அங்கே 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அழகுக்காக ஃபில்லர் போடுவது சட்டப்படி தடையானது. அதே மாதம் அமெரிக்க நிர்வாகம் இன்னொரு எச்சரிக்கை விட்டது: ஊசியில்லாத பேனாக் கருவியால் ஃபில்லர் போடாதீர்கள், போட்டுக்கொள்ளாதீர்கள். அழுத்தத்தால் தோலுக்குள் பாய்ச்சும்போது கூழ் எவ்வளவு ஆழத்தில் எங்கே போகிறது என்று யார் கையிலும் கட்டுப்பாடு இல்லை.

இதைப் படித்ததும் அந்த ராத்திரியே பெண்ணுக்குப் போன் போட்டேன். "பார்லர்ல மூணே மூணு கேளு. மருந்தோட பேரும் பேட்ச் நம்பரும் என்ன? போடறப்ப டாக்டர் இருப்பாரா? கரைக்கிற மருந்து அங்கேயே ஸ்டாக் இருக்கா?"

மறுநாள் கூப்பிட்டாள். முதல் கேள்விக்கு "கொரியா மருந்து மேடம்" என்றார்களாம். இரண்டாவதுக்கு "எங்க பொண்ணு ட்ரெயினிங் எடுத்தவங்க." மூன்றாவதுக்கு "அதெல்லாம் நமக்குத் தேவையே படாது மேடம்."

பிறகு நானும் அவளும் திருச்சியில் தோல் நோய்க்கு எம்.டி. படித்த ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். அதே மூன்று கேள்விகள். பதில் சொல்லாமல் எழுந்து போய், ஃபிரிட்ஜைத் திறந்து நொதிக் குப்பிகளைக் காட்டினார். 28 வயசுக் கன்னத்தில் நிரப்ப ஒன்றுமில்லை என்று அதை வேண்டாம் என்றுவிட்டார். உதட்டுக்கு அரை சிரிஞ்ச் போதும், அதையும் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே போட்டுவிட வேண்டும், வீக்கம் வடிய நாள் வேண்டும் என்றார். அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார். என் தங்கைக்கு இன்னும் என்மேல் கோபம்தான்.

கிளம்பும்போது டாக்டரம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பெரியம்மைத் தழும்பா டீச்சர்? ஆழமா இருக்கிற ரெண்டு மூணை அடியில விடுவிச்சு நிரப்பலாம். முழுசாப் போகாது, குறையும்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். 68 வயதில் இதென்ன என்று நீங்கள் நினைக்கலாம். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.