விமானம் பறக்காத விமானப்படை நிலையங்கள்



திருவனந்தபுரம் மாவட்டத்தின் மலைக்கோடியில் போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டம் உள்ளது. 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கு ஏறுவோர் அங்கிருந்துதான் நடக்கத் தொடங்குவர். அம்மலையை விட்டு மேற்கே இறங்கி நகரை அடைந்தால், ஆக்குளத்தில் இந்திய விமானப்படையின் தெற்குப் பிராந்தியத் தலைமையகத்தைக் காணலாம். 1984-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அது நிறுவப்பெற்றது. சூலூரிலும் தஞ்சாவூரிலும் உள்ள போர் விமானங்கள் அதன் ஆணைக்கு உட்பட்டவை. ஆனால் அவை ஏறி இறங்குவதற்கு ஆக்குளத்தில் ஓடுதளம் கிடையாது.

விமானப்படை என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுபவன் விமானியே. அது இயல்புதான். ஆயினும் ஆவடியில் உள்ளது போன்ற பழுதுபார்க்கும் நிலையங்களும், பண்டகசாலைகளும், ரேடார் நிலையங்களும் இன்றி அவன் பறத்தல் இயலாது. இவற்றுள் ரேடாரின் அருமையை யுத்த காலத்தில்தான் உலகம் உணர்ந்தது. வானொலி அலைகளை அனுப்பி, விமானத்தின் மீது பட்டு மீளும் எதிரலையைக் கொண்டு, அது வரும் திசையையும் தொலைவையும் அறிவிக்கும் கருவி அது.

1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானியக் கப்பற்படை இலங்கையை நெருங்குவதை, முந்திய நாளே கடலுக்கு மேல் பறந்த கனடிய விமானி பெர்ச்சால் கண்டு செய்தி அனுப்பியிருந்தார். ஆகவே தாக்குதல் வரும் என்பது தெரியும்; எந்த நிமிஷத்தில் வரும் என்பதுதான் தெரியாது. கொழும்புக்கு ரேடார் எச்சரிக்கை எதுவும் கிட்டவில்லை. இரத்மலானையில் ஹரிக்கேன் விமானங்கள் இன்னும் தரையிலேயே நின்றன. பகைவர் தலைக்கு மேல் வந்துவிட்ட பின்னரே அவை அவசரமாக எழும்பின.

நான்கு நாள் கழித்து, 9-ஆம் தேதி, திருகோணமலையின் முறை வந்தது. அங்கே கரையோரத்து ரேடார் ஏறத்தாழ 90 மைல் தொலைவிலேயே பகைவரைக் கண்டுகொண்டது. குண்டு விழுமுன்னரே சீனன்குடாவிலிருந்து ஹரிக்கேன்கள் வானேறின. துறைமுகத்துக்குச் சேதம் நேராமலில்லை; ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் அன்று கடலில் மூழ்கியது. எனினும் உறக்கத்தில் அகப்பட்டவன் நிலை வேறு, விழித்து நின்று போரிட்டவன் நிலை வேறு அல்லவா?

நம் நாட்டில் இதற்கு இணையானது 1965-ஆம் ஆண்டு யுத்தம். பஞ்சாபில் வாழும் நம்மவருக்கு அமிருதசரஸ் என்றால் பொற்கோயில் நினைவுக்கு வரும். விமானிகளுக்கோ அங்கிருந்த ரேடார் பிரிவு நினைவுக்கு வரும். ‘ஃபிஷ் ஆயில்’ என்பது அதன் மறைபெயர். போர் வீரர் காதில் விழும் பெயரா இது என்று வியக்கத் தோன்றுகிறது! அங்கே பணியாற்றியவர் விங் கமாண்டர் தண்டபாணி. செப்டம்பர் 3-ஆம் நாள், பதான்கோட்டிலிருந்து எழுந்த சின்னஞ்சிறு ‘நாட்’ விமானங்கள் பாகிஸ்தானின் சாபர் விமானங்களை எதிர்கொண்டது இந்த ரேடாரின் வழிகாட்டலில்தான். விமானிக்குக் கேட்டது காதொலிக்கருவி வழியே வந்த ஒரு குரல் மட்டுமே.

அக்குரலின் மதிப்பைப் பகைவரும் அறிந்திருந்தனர். அதை அடக்குவதற்கென்றே சாபர் விமானங்களை ஏவினர். செப்டம்பர் 11-ஆம் நாள் அம்முயற்சியில் வந்த ஸ்குவாட்ரன் லீடர் முனீருத்தீன் அகமது, தரையிலிருந்து சுட்ட நமது பீரங்கிகளுக்கு இரையானார்.