நத்தையும் கஸ்தூரியும்

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சென்ற மாதம் ஒரு சிறு புயல் அடித்தது. காரணம் ஒரு நத்தை. உயிருள்ள நத்தை அல்ல. கொரியாவிலிருந்து குப்பியில் அடைபட்டு வந்த நத்தையின் வழுவழுப்பு நீர். கல்லூரியில் படிக்கும் என் மகள் அதை முகத்தில் பூசிக்கொண்டு நின்றாள்.

"கருமம், கருமம்! நத்தை எச்சிலையா மூஞ்சியில தடவிக்கிட்டு நிக்கிறே?" என்றாள் என் அம்மா.

"எச்சில் இல்ல அப்பத்தா. அது ஊர்ந்து போறப்போ சுரக்கிற நீரு."

"எதுவானா என்ன? பாசிப்பயறும் ஆவாரம்பூவும் இல்லாத ஊரா இது?"

இருவரும் நியாயம் கேட்டு என்னிடம் வந்தார்கள். கதை எழுதுகிறவனுக்கு நியாயம் தெரியும் என்று எங்கள் வீட்டில் இன்னும் நம்புகிறார்கள். நான் தப்பித்துப் புத்தக அலமாரிப் பக்கம் போனேன்.

கைக்கு முதலில் அகப்பட்டது சிலப்பதிகாரம். ஊடியிருக்கும் கோவலனை மகிழ்விக்க மாதவி அலங்காரம் செய்துகொள்ளும் இடம் கடலாடு காதை. பத்து வகைத் துவர்ப் பொருள், ஐந்து வகை வாசனைப் பொருள், முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஆகியவை ஊறிய நீரில் அவள் கூந்தலை அலசுகிறாள், அகிற்புகையில் உலர்த்துகிறாள், பிறகு கஸ்தூரிக் குழம்பைப் பூசுகிறாள். கஸ்தூரி எங்கிருந்து வந்தது? இமயமலைக் காடுகளில் திரியும் ஆண் மானின் வயிற்றடிப் பையிலிருந்து! தமிழ்நாட்டில் அந்த மான் கிடையாது. புகார் நகரத்துப் பெண்ணின் கூந்தலுக்கு மான் மதம் இமயத்திலிருந்து வரலாம். திண்டுக்கல் பெண்ணின் கன்னத்துக்கு நத்தை நீர் கொரியாவிலிருந்து வரக் கூடாதா? புனுகு மட்டும் என்ன? பூனை ஒன்றின் சுரப்பியிலிருந்து வழிப்பதுதானே! அதைத் தெய்வத்துக்கே சாத்துகிறோம்.

'துவர்' என்ற சொல்லிலேயே எங்கள் ஊர்ச் சங்கதி ஒன்று ஒளிந்திருக்கிறது. திண்டுக்கல் தோல் பதனிடுவதற்குப் பெயர் போன ஊர். தென்னாட்டுத் தோல் ஷாப்புகளில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையை ஊறவைத்துத்தான் தோலைப் பதப்படுத்தினார்கள். பட்டையிலுள்ள துவர்ப்பு செத்த தோலை அழுகவிடாமல் காத்தது. அதே செடியின் பூவை உலர்த்திப் பொடித்து என் அம்மா தன் முகத்துக்குப் பூசி வந்தாள். இதைச் சொன்னால் ஆவாரம்பூவும் அவளுக்குக் 'கருமம்' ஆகிவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

கொரியாவின் பக்கம் திரும்பினால் ஆச்சரியம் இன்னும் பெரிது. பழைய கொரியப் பெண்கள் முகம் கழுவியது எதனால் தெரியுமா? பாசிப்பயற்று மாவினால்! இன்று அவர்களுடைய களிம்புகளில் விரும்பிச் சேர்க்கப்படும் பச்சிலை எது? நம் சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும் வல்லாரை! புண்ணை ஆற்றும் அதன் சத்தை 1940களில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் மடகாஸ்கர் தீவுச் செடியிலிருந்து பிரித்து எடுத்தார்கள். நாம் துவையல் அரைத்துக்கொண்டிருந்தோம், துவையலும் நல்லதுதான்.

அப்படியானால் பழையதெல்லாம் நல்லது, நாட்டுச் சரக்கெல்லாம் உத்தமம் என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா? கொரியாவின் சரித்திரமே அதற்குக் குறுக்கே நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸியோல் நகரத்துத் துணி வியாபாரி ஒருவரின் வீட்டில் 'பாக்காபுன்' என்ற முகப்பொடி பிறந்தது. முதலில் துணி வாங்க வந்தவர்களுக்கு இனாமாகக் கொடுத்தார்கள். பிறகு அதுவே பெரிய வியாபாரமாயிற்று. முகத்தில் நன்றாக ஒட்டி, வெள்ளை வெளேரென்று காட்டியது. அப்படி ஒட்டியதற்குக் காரணம் அதில் கலந்திருந்த ஈயம். பூசிய பெண்களின் தோல் கெட்டது, புகார்கள் கிளம்பின, 1937இல் பொடி நின்றுபோயிற்று. அது அந்நியச் சரக்கு அல்ல. சொந்த ஊர்ச் சரக்கு. அருவருப்பான பொருளும் அல்ல. பார்க்க மல்லிகைபோல் இருந்தது. நத்தையைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். அந்த ஈயத்தைப் பார்த்து யாரும் சுளிக்கவில்லை.

ஆகவே நான் கேட்க நினைத்த கேள்வி "இது எந்த ஊர்?" என்பதல்ல, "இதில் என்ன இருக்கிறது? யார் சோதித்தார்கள்?" என்பதே. வெளுப்பாக்கித் தருகிறேன் என்று எந்தக் குப்பி சொன்னாலும் இந்தக் கேள்வியை இரண்டு முறை கேட்க வேண்டும்.

இதையெல்லாம் கோவையாகச் சொல்ல எண்ணிக் கூடத்துக்கு வந்தேன். அங்கே வழக்கு முடிந்திருந்தது. அம்மா பேத்தியின் முழங்கையை மடியில் வைத்துக்கொண்டு, உட்புறத்தில் ஒரு சொட்டு நத்தை நீரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"புதுசா எதைப் போட்டாலும் மொதல்ல இங்கே போட்டு ஒரு நாள் பாக்கணும்டி. எங்க ஆத்தா சொல்லிக் குடுத்தது. அரிச்சா தூக்கிப் போட்டுரு. அரிக்கலைன்னா…"

"அரிக்கலைன்னா, அப்பத்தா?"

அம்மா என் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கும் கொஞ்சம் வை."