தொலைக்காட்சிதான் கொன்றதா? றங்கூன் திரையரங்குகளை முன்வைத்து

தொலைக்காட்சி வந்தது, சினிமாக் கொட்டகை செத்தது என்று சொல்வது எங்கள் மத்தியில் ஒரு வாய்ப்பாடாகிவிட்டது. விரிவுரையாளராக இருந்த காலத்தில் நானும் இதையே வகுப்பிற் சொல்லியிருக்கிறேன். இன்று தொழிற்சாலையில் இரவு வேலையில் என் பக்கத்தில் நிற்பவர் றங்கூனில், அதாவது இன்றைய யங்கோனில், பிறந்தவர். அவரது கதையைக் கேட்ட பிறகு அந்த வாய்ப்பாட்டில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

றங்கூன் எமக்கு அந்நிய நகரமல்ல. 1931 குடிசனக் கணக்கெடுப்பின்படி அதன் சனத்தொகையில் அரைவாசிக்கு மேற்பட்டோர் இந்தியர். 1952 இல் வந்த 'பராசக்தி'யின் அண்ணன் தம்பிமார் பிழைக்கப்போன ஊர் அது. பர்மியரின் முதற் கதைப்படத்தை ஓன் மாங் 1920 இல் அங்கேதான் திரையிட்டார்.

1962 இல் நே வின்னின் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964 இல் கடைகள் தேசியமயமாக்கப்பட, இந்திய வம்சாவளியினர் இலட்சக்கணக்கில் வெளியேறினர். முதலாளிகளோடு இரசிகர்களும் போனார்கள். தொடர்ந்து திரையரங்குகளும் அரசுடைமையாகின. ஆங்கிலப் பெயர்கள் போய்ப் பர்மியப் பெயர்கள் வந்தன. படச்சுருள் வாங்க அந்நியச் செலாவணி வேண்டும், கதைக்குத் தணிக்கையின் அனுமதி வேண்டும். இவ்வளவும் நடந்தபோது அந்நாட்டில் தொலைக்காட்சியே இல்லை.

யப்பானிய உதவியோடு 1980 யூனில் பரீட்சார்த்த ஒளிபரப்புத் தொடங்கியபோது என் நண்பருக்குப் பதின்மூன்று வயது. ஒரேயொரு அலைவரிசை, அதுவும் மாலையில் சில மணிநேரம். தெருவில் ஒரு வீட்டில்தான் பெட்டி இருந்தது. அங்கே பார்த்துவிட்டு மறுநாள் கொட்டகை வாசலில் வரிசையில் நிற்போம் என்கிறார். கொட்டகையை அரித்தது பின்னர் வந்த வீடியோதான். தாய்லாந்து எல்லை வழியாகக் கள்ளமாக வந்த டெக்குகள், தணிக்கைக்குத் தப்பிய படங்களையும் கொண்டுவந்தன. காலப்போக்கில் தயாரிப்பாளர்களும் படச்சுருளைக் கைவிட்டு நேரடியாக வீடியோவுக்கே படமெடுத்தனர். 1995 இல் இராணுவம் மியவாடி என்று தனக்கென ஓர் அலைவரிசை தொடங்கியது. அடுத்த பத்தாண்டில் கொரியத் தொடர்கள் வீடுகளைப் பிடித்தன. இறுதியில், 2010 ஐ ஒட்டி அரச சொத்துக்கள் தனியாருக்கு விற்கப்பட்டபோது, நகர மையத்தின் பழைய அரங்குகள் சில இடிக்கப்பட்டன. அவற்றை விழுத்தியது நிலத்தின் விலை.

ஆக, தொலைக்காட்சி குற்றமற்றது என்பதல்ல என் வாதம். ஏற்கெனவே கழுத்து நெரிக்கப்பட்டிருந்த ஒன்றின்மீதே அதன் கை விழுந்தது. சென்னையைப் பாருங்கள். 1975 இல் தூரதர்சன், 1993 இல் சன் தொலைக்காட்சி. அங்கும் கொட்டகைகள் மூடப்பட்டன. ஆனால் தொழில் சாகவில்லை; தொலைக்காட்சி உரிமையை விற்றுப் பணம் பார்க்கக் கற்றுக்கொண்டது. பெட்டி ஒன்றுதான், விளைவுகள் வேறு.

இலங்கைக்கு வருவோம். ரூபவாகினியும் யப்பானிய உதவியோடுதான் 1982 இல் வந்தது. மறு ஆண்டு யூலையில் ஒரு தமிழருக்குச் சொந்தமான ஹெந்தளை விஜயா கலையகம் எரிக்கப்பட்டது. அதை எரித்தது தொலைக்காட்சியா? யாழ்ப்பாணத்தில் இரவுக் காட்சிகளை நிறுத்தியவை ஊரடங்கும் ஷெல்லடியும். 1990 இன் பின் மின்சாரமே இல்லாத ஊரில், ஜெனரேற்றர் இரைச்சலுக்குள் நாங்கள் மினி சினிமா பார்த்தோம். கொட்டகையைப் பறிகொடுத்தவர்களின் கடைசிப் புகலிடம் அது. அதையே கொலைகாரன் என்கிறோம்.

இயந்திரத்தின்மேற் பழியைப் போட்டால் மனிதர்கள் தப்பிவிடுகிறார்கள். அரசுகளுக்கு இது வசதி. எங்களுக்கும் வசதி: யார் எரித்தார், யார் பார்த்துக்கொண்டு நின்றார் என்ற கேள்விகளை எழுப்ப வேண்டியதில்லை.

வகுப்பிற் சொன்னதைத் திருத்திச் சொல்ல இன்று என்னிடம் மாணவர்கள் இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். மறுப்புள்ளவர்கள் எழுதட்டும்.