நாட்டிங்காம் ஃபாரஸ்ட்: 1977–78 பருவம்

இங்கிலாந்தின் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கால்பந்துக் கழகம் ஐந்து ஆண்டுகள் இரண்டாம் டிவிஷனில் ஆடிவிட்டு 1977இல் முதல் டிவிஷனுக்குத் திரும்பியது. திரும்பிய முதல் பருவத்திலேயே லீக் பட்டத்தை வென்றது. 42 ஆட்டங்களில் 25 வெற்றி, 14 டிரா, 3 தோல்வி. அடித்தது 69 கோல், வாங்கியது 24. வெற்றிக்கு இரண்டு புள்ளி மட்டுமே தரப்பட்ட அக்காலத்தில் 64 புள்ளிகள் சேர்த்து, இரண்டாமிடம் பெற்ற லிவர்பூலை 7 புள்ளிகள் பின்தள்ளியது. அதே பருவத்தில் லீக் கோப்பையும் கிடைத்தது. 1865இல் தொடங்கப்பட்ட இக்கழகம் வென்ற ஒரே லீக் பட்டம் இதுதான். கீழ் டிவிஷனிலிருந்து ஏறிவந்த உடனேயே இங்கிலாந்தின் சாம்பியன் ஆன அணிகளில் இன்றுவரை கடைசி அணியும் இதுவே.

பின்னணி

ஃபாரஸ்ட் 1898இலும் 1959இலும் எஃப்.ஏ. கோப்பையை வென்ற கழகம். 1966–67 பருவத்தில் முதல் டிவிஷனில் இரண்டாமிடம் வரை சென்றது. ஆனால் அந்த அணி விரைவிலேயே கலைந்தது. 1972இல் கழகம் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. 1975 ஜனவரி 6ஆம் தேதி பிரையன் கிளஃப் மேலாளராகப் பொறுப்பேற்றபோது அணி அந்த டிவிஷனின் நடுப்பகுதியில் கிடந்தது. அந்தப் பருவம் 16ஆம் இடத்தில் முடிந்தது.

கிளஃப் அப்போது நாடறிந்த பெயர். டெர்பி கவுண்டியை இரண்டாம் டிவிஷனிலிருந்து மேலேற்றி 1972இல் லீக் சாம்பியன் ஆக்கியவர். நிர்வாகத்தோடு மோதி அங்கிருந்து விலகினார். பிறகு லீட்ஸ் யுனைட்டெட்டின் பொறுப்பை ஏற்று 44 நாட்களில் நீக்கப்பட்டார். ஃபாரஸ்டில் அவருடைய முதல் ஒன்றரை ஆண்டுகள் அமைதியாகவே கழிந்தன. 1975–76இல் அணி எட்டாமிடம் பெற்றது.

திருப்புமுனை 1976 கோடையில் வந்தது. ஹார்ட்டில்பூலிலும் டெர்பியிலும் கிளஃபுக்குத் துணையாக நின்ற பீட்டர் டெய்லர் நாட்டிங்காமில் வந்து சேர்ந்தார். முன்னாள் கோல்கீப்பரான டெய்லரின் பெரும் பலம் ஆட்டக்காரர்களை மதிப்பிடும் கண். பிற கழகங்கள் வேண்டாமென்று ஒதுக்கியவர்களிடமும், தவறான இடத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்களிடமும் இருந்த திறமையை அவர் கண்டார். அந்தத் திறமையை ஒழுங்குக்குக் கொண்டுவந்து ஆடவைப்பது கிளஃபின் வேலை. 1977–78இன் வெற்றி இந்த இருவர் கூட்டின் விளைவு.

மூன்றாமிடம் பெற்றுத் தந்த வாய்ப்பு

1976–77 பருவத்தை ஃபாரஸ்ட் 52 புள்ளிகளுடன் முடித்தது. வுல்வர்ஹாம்ப்டன் முதலிடம், செல்சி இரண்டாமிடம், ஃபாரஸ்ட் மூன்றாமிடம். இரண்டு அணிகளை மட்டும் மேலேற்றும் பழைய விதி நீடித்திருந்தால் ஃபாரஸ்ட் கீழேயே தங்கியிருக்கும். மூன்று அணிகள் ஏறலாம் என்ற விதி 1973–74இல்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. அந்த மூன்றாமிடம்கூட ஃபாரஸ்டின் கையில் இல்லை. தன் ஆட்டங்களை முடித்துவிட்டு, எஞ்சிய ஆட்டங்களை ஆடிக்கொண்டிருந்த போல்ட்டன் வாண்டரர்ஸ் சறுக்குமா என்று அணி காத்திருந்தது. வுல்வர்ஹாம்ப்டனிடம் போல்ட்டன் தோற்றது. 51 புள்ளிகளுடன் நான்காமிடத்தில் நின்றது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஃபாரஸ்ட் மேலேறியது. இப்படி ஏறிய அணி பட்டத்துக்குப் போட்டியிடும் என்று ஆகஸ்டில் யாரும் கருதவில்லை. மீண்டும் இறங்காமல் தப்பினாலே போதும் என்பதுதான் பொதுக் கணிப்பு.

அணி உருவான விதம்

சாம்பியன் அணியின் ஆட்டக்காரர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகையினர் கிளஃப் வருமுன்பே கழகத்தில் இருந்தவர்கள்: விவ் ஆண்டர்சன், மார்ட்டின் ஓ'நீல், இயன் போயர், ஜான் ராபர்ட்சன், டோனி வுட்காக். இவர்களில் ஆண்டர்சனும் வுட்காக்கும் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள். வுட்காக் கீழ் டிவிஷன் கழகங்களுக்குக் கடனாக அனுப்பப்பட்டிருந்தவர். ராபர்ட்சனை விற்றுவிடக் கழகம் ஒரு கட்டத்தில் தயாராக இருந்தது. உடல் பருத்து, வேகம் குறைந்து, நடுக்களத்தில் ஒட்டாமல் இருந்த அந்த ஸ்காட்லாந்துக்காரரை இடது விங்குக்கு மாற்றினார் கிளஃப். அங்கே பந்தை நிறுத்தி, எதிராளியை ஒரே அசைவில் ஏமாற்றி, துல்லியமாகக் கிராஸ் அடிக்கும் அவருடைய திறமை அணியின் தாக்குதலுக்கே மையமானது.

இரண்டாம் வகையினர் கிளஃபின் பழைய ஆட்கள். கேப்டன் ஜான் மெக்கவர்ன் ஹார்ட்டில்பூல், டெர்பி, லீட்ஸ் ஆகிய மூன்று கழகங்களில் கிளஃபுக்குக் கீழே ஆடியவர்; ஃபாரஸ்ட் நான்காவது. ஜான் ஓ'ஹேரும் லீட்ஸிலிருந்து வந்தார். 1977 செப்டம்பரில் டெர்பியிலிருந்து ஆர்ச்சி கெம்மில் வந்து நடுக்களத்துக்கு ஓட்டம் தந்தார். அவருக்காகக் கோல்கீப்பர் ஜான் மிடில்டனையும் சிறிது பணத்தையும் ஃபாரஸ்ட் கொடுத்தது.

மூன்றாம் வகையினர் மலிவாகவோ, பிறர் தயங்கிய நேரத்திலோ வாங்கப்பட்டவர்கள். இடது பின்களத்து ஃபிராங்க் கிளார்க், நியூகாசில் கட்டணமின்றி விடுவித்தவர். லாரி லாய்டு கோவென்ட்ரியிலிருந்தும், முன்களத்துப் பீட்டர் வித் பர்மிங்காமிலிருந்தும் வந்தவர்கள். 1977 ஜூலையில் 1,50,000 பவுண்டுக்கு வந்த கென்னி பர்ன்ஸ் பர்மிங்காமில் கோலடிக்கும் முன்களக்காரர். முரட்டு ஆட்டக்காரர் என்ற கெட்ட பெயரும் அவருக்கு இருந்தது. அவரை மையத் தடுப்பாட்டக்காரராக நிறுத்தியது டெய்லரின் யோசனை. பந்தைப் படிக்கும் கூர்மையும் பதற்றமின்றிப் பந்தை வெளியே கொண்டுவரும் திறமையும் அந்த இடத்தில்தான் முழுமையாக வெளிப்பட்டன.

இவர்களுக்கு நேர்மாறாக, பெருந்தொகை கொடுத்து வாங்கப்பட்டவர் பீட்டர் ஷில்டன். இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்ட ஸ்டோக் சிட்டியிலிருந்து செப்டம்பரில் அவரை வாங்க ஃபாரஸ்ட் இரண்டரை இலட்சம் பவுண்டுக்கு மேல் செலவிட்டது. ஒரு கோல்கீப்பருக்கு இவ்வளவா என்று அன்று பலர் வியந்தனர். கோலைத் தடுப்பவரும் கோலடிப்பவருக்கு நிகராகப் புள்ளி சேர்த்துத் தருவார் என்பது டெய்லரின் உறுதியான நம்பிக்கை. ஷில்டன் ஆடிய 37 லீக் ஆட்டங்களில் 18 கோல்கள் மட்டுமே விழுந்தன.

ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை

1977 ஆகஸ்ட் 20ஆம் தேதி எவர்ட்டனின் குடிசன் பார்க்கில் முதல் ஆட்டம். ஃபாரஸ்ட் 3–1 என்று வென்றது. பிரிஸ்டல் சிட்டியையும் டெர்பியையும் சொந்த மைதானமான சிட்டி கிரவுண்டில் வீழ்த்தியது. செப்டம்பர் தொடக்கத்தில் லண்டனில் ஆர்சனலிடம் 0–3 என்று தோற்றது. அந்தப் பருவத்தில் ஃபாரஸ்ட் ஒரு கோலுக்கு மேல் வித்தியாசத்தில் தோற்ற லீக் ஆட்டம் இது ஒன்றுதான்.

ஷில்டன் வந்தபின் அணி இறுகியது. அக்டோபர் 4ஆம் தேதி இப்ஸ்விச் டவுனை 4–0 என்று வென்றபோது நான்கு கோலையும் பீட்டர் வித் அடித்தார். அம்மாதத்தில் பட்டியலின் உச்சிக்கு ஏறிய ஃபாரஸ்ட் பருவம் முடியும்வரை கீழே இறங்கவில்லை. நவம்பரில் செல்சியிடமும் லீட்ஸிடமும் 0–1 என்று தோற்றபோது, ஏறிவந்த அணியின் வேகம் அடங்கிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. அந்தக் கணிப்பு பொய்த்தது. லீட்ஸில் நவம்பர் 19ஆம் தேதி ஏற்பட்ட தோல்விதான் அப்பருவத்தின் கடைசி லீக் தோல்வி.

தோல்வியற்ற ஓட்டம்

நவம்பர் 26ஆம் தேதி வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனுடன் ஆடிய டிராவில் தொடங்கி, எஞ்சிய 26 லீக் ஆட்டங்களிலும் ஃபாரஸ்ட் தோற்கவில்லை. இந்த ஓட்டத்தின் உச்சம் டிசம்பர் 17ஆம் தேதி ஓல்ட் டிராஃபோர்டில் நடந்தது. மான்செஸ்டர் யுனைட்டெட்டை அதன் சொந்த மண்ணில் 4–0 என்று வீழ்த்திய அன்றுதான், பட்டம் ஃபாரஸ்டுக்கு உண்மையிலேயே எட்டக்கூடியது என்பதை நாடு ஒப்புக்கொண்டது. லாய்டு காயமடைந்த நேரத்தில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸிலிருந்து வாங்கப்பட்ட டேவிட் நீதம் பின்களம் ஆட்டம் காணாமல் காத்தார்.

அதே டிசம்பரில் இங்கிலாந்து தேசிய அணியின் மேலாளர் பதவிக்கு நடந்த நேர்காணலில் கிளஃப் கலந்துகொண்டார். பதவி ரான் கிரீன்வுட்டுக்குச் சென்றது. கிளஃப் நாட்டிங்காமிலேயே தங்கினார். அது கழகத்தின் நற்பேறு.

லீக் கோப்பை

லீக் கோப்பையில் வெஸ்ட் ஹாம், நாட்ஸ் கவுண்டி, ஆஸ்டன் வில்லா, பரி ஆகியவற்றை வென்ற ஃபாரஸ்ட், அரையிறுதியின் இரு ஆட்டங்களிலும் சேர்த்து லீட்ஸை 7–3 என்று வீழ்த்தியது. 1978 மார்ச் 18ஆம் தேதி வெம்ப்ளி இறுதியாட்டத்தில் எதிரணி ஐரோப்பிய சாம்பியனான லிவர்பூல். பழைய கழகத்துக்காக அக்கோப்பையில் ஏற்கெனவே ஆடியவர்கள் இன்னொரு கழகத்துக்கு ஆடக்கூடாது என்ற விதியால் ஷில்டன் களமிறங்க முடியவில்லை. ஃபாரஸ்டுக்காக ஒரு லீக் ஆட்டம்கூட ஆடியிராத 18 வயது கிறிஸ் வுட்ஸ் கோலில் நின்றார். லிவர்பூல் தொடர்ந்து தாக்கியும், கூடுதல் நேரம் முடியும்வரை அந்த இளைஞரைத் தாண்டிப் பந்து போகவில்லை. ஆட்டம் 0–0 என்று முடிந்தது.

நான்கு நாள் கழித்து ஓல்ட் டிராஃபோர்டில் மறு ஆட்டம். கோலை நோக்கி ஓடிய ஓ'ஹேரை லிவர்பூலின் ஃபில் தாம்சன் வீழ்த்த, நடுவர் பெனால்ட்டி கொடுத்தார். தவறு பெனால்ட்டி எல்லைக்கு வெளியே நடந்தது என்று லிவர்பூல் வாதிட்டது. நடுவர் முடிவை மாற்றவில்லை. ராபர்ட்சன் அடித்த அந்த ஒரே கோல் கோப்பையைத் தந்தது. எஃப்.ஏ. கோப்பையில் மட்டும் ஃபாரஸ்ட் காலிறுதியில் வெஸ்ட் பிராம்விச்சிடம் 0–2 என்று தோற்றது.

பட்டம் உறுதியான நாள்

ஏப்ரல் 22ஆம் தேதி கோவென்ட்ரி சிட்டியின் மைதானத்தில் ஒரு புள்ளி தேவைப்பட்டது. கோவென்ட்ரியின் மிக் ஃபெர்குசன் மிக அருகிலிருந்து தலையால் முட்டிய பந்தை ஷில்டன் தட்டிவிட்ட காட்சி அப்பருவத்தின் சிறந்த தடுப்பாக நினைவுகூரப்படுகிறது. ஆட்டம் 0–0, இன்னும் நான்கு ஆட்டங்கள் மிச்சமிருக்கையிலேயே ஃபாரஸ்ட் சாம்பியன். சிட்டி கிரவுண்டில் ஆடிய 21 லீக் ஆட்டங்களில் 15 வெற்றி, 6 டிரா, தோல்வியே இல்லை.

ஆட்டமுறை

பந்தைத் தரையில் வைத்து எளிமையாக ஆடுவது கிளஃபின் அடிப்படைப் பாடம். பின்களத்தில் லாய்டின் உயரமும் பர்ன்ஸின் கணிப்பும். நடுக்களத்தில் இடத்தை விட்டு நகராத மெக்கவர்ன், ஓடிக்கொண்டேயிருக்கும் கெம்மில். வலப்பக்கம் ஓ'நீல், இடப்பக்கம் ராபர்ட்சன். முன்னால் உயரமான வித்தும் விரைவான வுட்காக்கும். நடுவரோடு வாதாடுவதைக் கிளஃப் அனுமதிக்கவில்லை. முரடர் என்று பெயரெடுத்த பர்ன்ஸே இந்த ஒழுங்குக்குள் வந்தது அணியின் தன்மையைக் காட்டும். கோல்களும் ஒருவரை நம்பி இல்லை: லீக்கில் வித்தும் ராபர்ட்சனும் தலா 12 கோல் அடித்தனர்.

விருதுகள்

கால்பந்து எழுத்தாளர் சங்கத்தின் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது பர்ன்ஸுக்கும், ஆட்டக்காரர் சங்கத்தின் விருது ஷில்டனுக்கும், இளம் ஆட்டக்காரர் விருது வுட்காக்குக்கும் கிடைத்தன. கிளஃப் ஆண்டின் சிறந்த மேலாளர் ஆனார். இரண்டு வெவ்வேறு கழகங்களோடு லீக் பட்டம் வென்ற மூன்றாவது மேலாளர் அவர்; அவருக்கு முன் அதைச் செய்தவர்களில் ஒருவர் ஹடர்ஸ்ஃபீல்டையும் ஆர்சனலையும் சாம்பியன் ஆக்கிய ஹெர்பர்ட் சாப்மன்.

தொடர்ச்சி

தோல்வியற்ற ஓட்டம் அடுத்த பருவத்திலும் நீண்டது. 1978 டிசம்பர் 9ஆம் தேதி லிவர்பூலிடம் தோற்கும்வரை தொடர்ந்து 42 லீக் ஆட்டங்கள், அதாவது ஒரு முழுப் பருவத்தின் அளவு, ஃபாரஸ்ட் தோற்கவில்லை. இச்சாதனையை 2004இல் ஆர்சனல்தான் முறியடித்தது. 1978 நவம்பரில் விவ் ஆண்டர்சன் இங்கிலாந்தின் முதன்மைத் தேசிய அணிக்கு ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரர் ஆனார்.

பட்டம் தந்த உரிமையால் ஐரோப்பியக் கோப்பையில் நுழைந்த ஃபாரஸ்ட், முதல் சுற்றிலேயே நடப்புச் சாம்பியன் லிவர்பூலை வெளியேற்றியது. 1979இல் மியூனிக்கில் மால்மோவையும், 1980இல் மாட்ரிட்டில் ஹாம்பர்க்கையும் 1–0 என்று வென்று இருமுறை ஐரோப்பியக் கோப்பையை ஏந்தியது. உள்நாட்டு லீக் பட்டத்தைவிட ஐரோப்பியப் பட்டம் அதிகம் பெற்ற ஒரே கழகம் இதுதான்.

வரலாற்றில் இடம்

லிவர்பூல் (1906), எவர்ட்டன் (1932), டாட்டன்ஹாம் (1951), இப்ஸ்விச் (1962) ஆகியவையும் ஏறிய மறுபருவமே இங்கிலாந்தின் சாம்பியன் ஆனவை. இந்த நான்கும் இரண்டாம் டிவிஷனில் முதலிடம் பெற்று வந்தவை. மூன்றாமிடத்திலிருந்து வந்தது ஃபாரஸ்ட் மட்டுமே. ஜெர்மனியின் புண்டஸ்லிகாவில் 1998இல் கைசர்ஸ்லவுட்டர்ன் இதே அருஞ்செயலைச் செய்தது.

1992இல் பிரீமியர் லீக் தொடங்கியபின் மேல்தட்டுக் கழகங்களுக்கும் ஏறிவரும் கழகங்களுக்கும் இடையிலான பண இடைவெளி பெருகிவிட்டது. ஏறிவந்த அணி ஒன்று அதன்பின் எட்டிய அதிகபட்ச இடம் மூன்றாவது. 1993–94இல் நியூகாசிலும், 1994–95இல் ஃபாரஸ்டும் அதை எட்டின. அந்த ஃபாரஸ்டின் மேலாளர் 1978 அணியின் ஃபிராங்க் கிளார்க். 23 ஆண்டு இடைவெளிக்குப்பின் 2022இல் ஃபாரஸ்ட் மீண்டும் ஏறியபோது, இருபதுக்கும் மேற்பட்ட புதியவர்களை வாங்கியும் 16ஆம் இடமே கிடைத்தது. 2023–24, 2024–25 பருவங்களில் ஏறிவந்த மூன்று அணிகளும் அதே ஆண்டில் இறங்கின. செலவிடும் தொகையே தரவரிசையைப் பெரிதும் தீர்மானிக்கும் இக்காலத்தில், பிறர் கழித்துவிட்டவர்களைச் சரியான இடத்தில் நிறுத்தி, ஒரு நல்ல கோல்கீப்பருக்குத் தயங்காமல் செலவிட்டு, சிறிய அணியோடு பட்டம் வென்ற 1977–78 பருவத்தின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வருகிறது.