படம் எடுக்கும் முன் யாரைக் கேட்பது?
ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளும் பள்ளிக்கூடத்துக் காமிராவும்

ஆஸ்திரேலியாவில் பவுன், ஷில்லிங் கணக்கு போய் டாலர் கணக்கு வந்தது 1966 பிப்ரவரி 14-ஆம் தேதி. அன்று வெளியான ஒரு டாலர் நோட்டின் பின்பக்கத்தில், வட ஆஸ்திரேலியாவின் ஆர்ன்ஹெம் லேண்ட் பகுதியில் மரப்பட்டை மேல் தீட்டிய ஓவியம் ஒன்று அச்சாகியிருந்தது. ஆதிகாலத்து வேட்டைக்காரன் ஒருவனுடைய ஈமச்சடங்கைக் காட்டும் படம் அது. வரைந்தவர் அப்போது உயிரோடு இருந்தார். அவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த சேகரிப்பாளர் ஒருவர் மூலம் ஓவியம் பாரிசுக்குப் போக, அதன் புகைப்படம் மட்டும் ரிசர்வ் வங்கியின் நோட்டு டிசைன் பார்க்கிறவர்களிடம் வந்து சேர்ந்தது. மிலிங்கிம்பித் தீவின் பள்ளி ஆசிரியர் ஒருவர் நோட்டில் இருப்பது யாருடைய படம் என்று அடையாளம் கண்டு எடுத்துச் சொன்ன பிறகுதான் வங்கிக்கு விழிப்பு வந்தது. அப்போது வங்கியின் கவர்னராக இருந்த கூம்ப்ஸ் 1000 டாலரும், ஒரு பதக்கமும், மீன்பிடிக்கும் சாமான்களும் கொடுத்து மரியாதை செய்தார். நோட்டு அச்சடித்துப் புழக்கத்துக்கு வந்தபின் செய்த மரியாதை!

இதை நம் மலரில் ஏன் எழுதுகிறேன் என்றால், நம் சங்கத்துக் குடும்பங்களில் மெல்போர்னிலும் சிட்னியிலும் பேரப்பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் இப்போது பல பேர். அங்கே பள்ளிப் பாடத்திட்டத்தில் ‘ஊடகக் கலை’ என்றே ஒரு பாடம் இருக்கிறது. நடனம், நாடகம், இசை, காண்கலை ஆகியவற்றோடு ஐந்தாவது கலை அது. பிள்ளைகள் குறும்படம் எடுக்கிறார்கள், அசையும் சித்திரம் செய்கிறார்கள், ஒலிப்பதிவு செய்கிறார்கள். பூர்வகுடிகளின் வரலாறும் பண்பாடும் எல்லாப் பாடங்களிலும் இடம்பெற வேண்டும் என்பதும் அதே பாடத்திட்டத்தின் விதி. இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு கேள்வி வருகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை காமிராவைத் தூக்கிக்கொண்டு இன்னொருவர் பண்பாட்டுக்குள் போகும்போது எந்த வாசலில் நின்று யாரைக் கேட்க வேண்டும்? இதற்கு அந்த நாட்டின் வரலாறே பதில் வைத்திருக்கிறது. அதிலும் பெரும்பகுதி பள்ளிக்கூடங்களிலேயே நடந்தது.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்துக்கு மேற்கே பாலைவனத்தில் பாப்புன்யா என்ற குடியிருப்பு. 1971-இல் ஜெஃப்ரி பார்டன் என்ற இளம் ஓவிய ஆசிரியர் அங்கே வேலைக்குப் போனார். வகுப்பில் பிள்ளைகள் சினிமாவில் பார்த்த கௌபாய் படமாக வரைந்து தள்ளினார்கள். வெளியே விளையாடும்போது அதே பிள்ளைகள் கதை சொல்லிக்கொண்டே விரலால் மணலில் வேறு வகைக் கோலங்கள் போடுவதை அவர் கவனித்தார். அதை வகுப்பில் போடச் சொன்னார். பள்ளிச் சுவரில் பெரிய ஓவியம் எழுதலாம் என்ற பேச்சு வந்ததும், பிள்ளைகளை விட்டுவிட்டு ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வந்து நின்றார்கள். அந்தக் கோலங்கள் சும்மா அழகுக்குப் போடுபவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு கதை, ஒரு நிலம், ஒரு சட்டம். யார் எதை வரையலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. தேனெறும்புக் கதைக்கு உரியவர் சம்மதித்த பிறகுதான் சுவரில் தேனெறும்பு ஏறியது. முதலில் ஐரோப்பியப் பாணியில், புத்தகத்தில் இருக்கிற மாதிரி எறும்பு வரைந்தார்கள். இது உங்கள் எறும்புதானா, வெள்ளைக்காரர் எறும்பா என்று பார்டன் கேட்க, அதை அழித்துவிட்டுத் தங்கள் குறியீட்டிலேயே எழுதினார்கள். நல்ல ஆசிரியர் செய்ய வேண்டிய வேலை அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் கதை அத்தோடு சுபமாக முடியவில்லை. 1974-இல் அந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடித்து ஓவியத்தை மறைத்துவிட்டார்கள். இன்னொன்று அதைவிட முக்கியம். 1971, 72-இல் பலகைகளில் வரைந்த சில படங்களில், சடங்கு செய்துகொண்ட ஆண்கள் மட்டுமே பார்க்க வேண்டிய விஷயங்கள் இருந்தன. அவை வெளியூர்களில் மாட்டப்பட்டதும் மற்ற பாலைவனக் குழுக்களிலிருந்து கடும் ஆட்சேபம் கிளம்பியது. வரைந்தவர்களே பின்னால் ஜாக்கிரதையானார்கள். 2017-இல் டார்வின் அருங்காட்சியகம் அந்தப் பழைய பலகைகளை வைத்துக் கண்காட்சி நடத்தியபோது, எதைப் பொதுவில் வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்று அந்தச் சமூகத்துப் பெரியவர்களைக் கேட்டே முடிவு செய்தார்கள். நாற்பத்தைந்து வருஷம் கழித்தும் அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது, பாருங்கள்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வடமேற்கே சுமார் 300 கி.மீ. தூரத்தில் யுவெண்டுமு. வார்ல்பிரி மக்களின் ஊர். 1984-இல் அங்கே பள்ளிக்கூடத்துக் கதவுகளில் ஐந்து முதியவர்கள் ஓவியம் எழுதினார்கள். 30 கதவுகளில் 27 ‘ஜுகுர்ப்பா’. இந்தச் சொல்லை ஆங்கிலத்தில் ‘கனவு’ என்று மொழிபெயர்த்துக் குழப்பி வைத்திருக்கிறார்கள். முன்னோர் நடந்த வழி, அவர்கள் வைத்த சட்டம், அந்த நிலம் எல்லாம் சேர்ந்தது ஜுகுர்ப்பா. பிள்ளைகள் வகுப்புக்குள் நுழையும்போதே தங்கள் நிலத்தைப் பார்க்க வேண்டும் என்பது அந்த முதியவர்களின் எண்ணம். பிள்ளைகள் என்ன செய்தார்கள்? எல்லா ஊர்ப் பிள்ளைகளையும் போல அதன் மேல் கிறுக்கினார்கள்! பத்து வருஷத்துக்கு மேல் வெயிலையும் கிறுக்கலையும் தாங்கிய கதவுகள் 1995-இல் அடிலெய்டில் உள்ள தென் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அதே ஊரில்தான் காமிராவும் வந்தது. 1985-இல் ஆஸ்திரேலியா தன் முதல் செய்திச் செயற்கைக்கோளை ஏவியது. பாலைவனத்து மூலைமுடுக்கெல்லாம் வெளியூர் டி.வி. வந்து கொட்டப்போகிறது, நம் பிள்ளைகள் நம் மொழியை மறந்துவிடுவார்கள் என்ற பயம் யுவெண்டுமுவில் இருந்தது. (புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை.) செயற்கைக்கோள் வருவதற்கு முன்பே அவர்கள் வீடியோ காமிரா பிடித்து, லைசென்ஸ் இல்லாமலே உள்ளூர் ஒளிபரப்பு நடத்த ஆரம்பித்துவிட்டார்கள். டி.வி.யின் விளைவை ஆராய வந்த எரிக் மைக்கேல்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர், ஃபிரான்சிஸ் ஜுப்புருர்லா என்பவர் படம் எடுப்பதைக் கூட இருந்து பார்த்து விரிவாக எழுதி வைத்தார்.

படத்தின் விஷயம் கோனிஸ்டன் படுகொலை. 1928-இல் போலீஸ்காரர் ஒருவர் தலைமையில் போன கூட்டம் அந்தப் பகுதி மக்களைச் சுட்டுக் கொன்றது. அரசாங்கக் கணக்கில் 31 பேர். மக்கள் சொல்லும் கணக்கு அதைவிட மிக அதிகம். சம்பவம் நடந்த இடத்துக்கே போய் ஒரு முதியவர் கதை சொல்ல, ஜுப்புருர்லா படம் பிடித்தார். படத்தில் தெரிவது அந்த ஒருவர்தான். ஆனால் காமிராவுக்குப் பின்னால் உறவுமுறைப்படி வந்து நிற்க வேண்டியவர்கள் இருபதுக்கும் மேல் வந்திருந்தார்கள். வார்ல்பிரி முறையில் ஒரு கதைக்குத் தந்தை வழியில் உரிமை பெற்றவர் ‘கிர்டா’. தாய் வழியில் வந்து, சரியாகச் சொல்கிறாரா என்று கண்காணிப்பவர் ‘குர்டுங்குர்லு’. முதலாளி மட்டும் கையெழுத்துப் போட்டால் கணக்கு செல்லாது, ஆடிட்டரும் போட வேண்டும் என்கிற மாதிரி. காமிரா சில இடத்தில் ஒன்றுமில்லாத மலைச்சரிவை மெதுவாகத் தடவிக்கொண்டு போகும். வெளியார் கண்ணுக்குக் கைப்பழக்கம் இல்லாதவர் எடுத்த படம். கேட்டால், இந்தப் பக்கமாகத்தான் முன்னோர் வந்தார்கள், அந்த மேட்டுக்குப் பின்னாலிருந்து போலீஸ் வந்தது என்று விளக்கம் வருகிறது. கதையை நிலம் சொல்கிறது, காமிரா அதன் பின்னால் நடக்கிறது. ஊடகக் கலை படிக்கும் மாணவனுக்கு இதைவிடப் பெரிய பாடம் எந்த ஸ்டூடியோவிலும் கிடைக்காது என்பேன்.

இனி என் தொழிலுக்குப் பக்கத்தில் வருகிறேன். நாற்பது வருஷமாகத் துணி விற்கிறவன் நான். டிசைன் காப்பி அடிப்பது எங்கள் சந்தையில் எப்படி நடக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதனால்தான் 1994-இல் ஆஸ்திரேலிய ஃபெடரல் கோர்ட்டில் தீர்ந்த கார்ப்பெட் வழக்கை எங்கே பார்த்தாலும் படிக்கிறேன். பெர்த் நகரத்து வியாபாரி ஒருவர் பூர்வகுடி ஓவியங்களை அப்படியே கார்ப்பெட்டில் போட்டு, வியட்நாமில் நெய்து இறக்குமதி செய்தார். விற்கும் ஒவ்வொரு கார்ப்பெட்டுக்கும் ஓவியர்களுக்கு ராயல்டி போகிறது என்று லேபிளில் வேறு போட்டார். போகவே இல்லை.

அந்தப் படங்கள் அவருக்குக் கிடைத்த வழிதான் நம் விஷயத்துக்கு முக்கியம். தேசிய ஓவியக்கூடம் வெளியிட்ட தொகுப்பு போன்ற அச்சுப் பிரதிகளிலிருந்து எடுத்திருந்தார். வெள்ளையர்கள் எங்கள் பண்பாட்டைக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஓவியர்கள் மனமுவந்து அனுமதி கொடுத்த பிரதிகள் அவை. கல்விக்கென்று கொடுத்தது காலடிக்குப் போய்விட்டது. யிர்க்கலா ஊரைச் சேர்ந்த மரிக்கா குடும்பத்துப் பெண் ஓவியர் ஒருவர், தன் குலத்தின் புனித நீர்நிலையைக் காட்டும் படம் மிதிக்கப்படுவதைப் பற்றிக் கோர்ட்டில் சாட்சி சொன்னார். அவருக்கு நஷ்டம் பணம் மட்டுமல்ல. படத்தைக் காப்பாற்றத் தவறியவர் என்று குலமே அவரைப் பொறுப்பாக்கலாம், இனி வரையக்கூடாது என்று சொல்லலாம். நீதிபதி வான் டூசா இந்தப் பண்பாட்டு வேதனைக்கும் சேர்த்து, மொத்தம் சுமார் 1,88,000 ஆஸ்திரேலிய டாலர் நஷ்டஈடு தீர்ப்பளித்தார். கம்பெனி திவால். கடைசியில் ஓவியர்கள் கைக்கு ஒரு காசும் வரவில்லை.

அந்த அம்மையார் 2021-இல் காலமானார். பல பத்திரிகைகள் ‘பி. மரிக்கா’ என்று மட்டும் எழுதின. இறந்தவர் பெயரைச் சொல்லாமல், படத்தைக் காட்டாமல் துக்கம் காப்பது அங்கே பல குழுக்களின் வழக்கம். ஆஸ்திரேலியப் படங்கள் பலவற்றின் தொடக்கத்தில், இதில் காலமானவர்களின் உருவமும் குரலும் இருக்கலாம் என்று எச்சரிக்கை வருவது இதனால்தான். இக்கட்டுரையிலும் மறைந்த ஓவியர்களின் பெயரை நான் எழுதவில்லை.

கார்ப்பெட் வழக்குக்குப் பின் விதிமுறைகள் எழுத்தில் வரத் தொடங்கின. பூர்வகுடியைச் சேர்ந்த வக்கீல் டெர்ரி ஜாங்கே 1998-இல் ஒரு பெரிய அறிக்கை கொடுத்தார். 2009-இல் ஸ்கிரீன் ஆஸ்திரேலியா நிறுவனத்துக்காகப் படம் எடுப்பவர்களுக்கான வழிகாட்டி நூலையும் அவரே எழுதினார். பள்ளி ஆசிரியர்களும் இப்போது இதே வழியில் மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். ‘பூர்வகுடி’ என்று பொதுவாகச் சொல்லாதே, உன் பள்ளி நிற்கும் நிலம் எந்த மக்களுடையது என்று முதலில் தெரிந்துகொள். புள்ளி வைத்துப் படம் போட்டால் அது பூர்வகுடிக் கலை ஆகிவிடாது. அந்த முறைக்கு உன் கதையைச் சொல்லப்பார். பேசிய பெரியவருக்கு முதல் வெட்டுப் படத்தைக் காட்டு, பெயர் போடு, அவர் நேரத்துக்குக் காசு கொடு.

விதி இருந்தால் மட்டும் போதுமா? 2022-இல் அந்நாட்டு உற்பத்தித்திறன் ஆணையம் ஆராய்ந்தபோது, பூர்வகுடிப் பாணி நினைவுப்பொருள்களில் பாதிக்கு மேல் அந்த மக்களின் கை படாத போலிச் சரக்கு என்று தெரிந்தது. இப்போது கம்ப்யூட்டரிடம் ‘பூர்வகுடிப் பாணியில் படம் கொடு’ என்றால் ஒரு நொடியில் கொடுத்துவிடுகிறது. எந்தக் குலம், எந்த நிலம், யார் கிர்டா என்று அதற்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு இது பெரிய சபலம்.

ஆகவே அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, காமிராவுக்கு முன்னால் ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். படம் எங்கே காட்டப்படும், இண்டர்நெட்டில் போகுமா, மூலப்பிரதி யார் கையில் இருக்கும், படத்தில் இருப்பவர் பின்னால் காலமானால் என்ன செய்வது, எல்லாம் அதில் இருக்கட்டும். பதில் வர மாசக்கணக்கில் ஆகலாம். ‘வேண்டாம்’ என்றே வரலாம். அப்படி வந்த மாணவனுக்கும், கேட்ட கடிதத்துக்காக முழு மதிப்பெண் உண்டு என்று ஆசிரியர் முதல் நாளே வகுப்பில் சொல்லிவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.