தரங்கம்பாடி கெளுத்தியும் ஹைதராபாத் மீன்தொட்டியும்

ஹைதராபாத் வந்த பிறகு எங்கள் வீட்டில் சேர்ந்த சொத்துகளில் ஒன்று, இரண்டரை அடி மீன்தொட்டி. மகளின் நச்சரிப்புதான் காரணம். கப்பி, மோலி, நியான் டெட்ரா என்று கலந்து விட்டிருந்தோம். அடியில் தங்கும் தீனியைத் தின்ன ஒரு சின்னக் கெளுத்தி இருந்தால் தேவலை என்று கடைக்குப் போனேன். கடைக்காரர் விரல் நீளத்தில் ஒன்றைப் பாலிதீன் பையில் போட்டு, "டேங்க் கிளீனர் சார், இனி தொட்டியே கழுவ வேண்டாம்" என்றார். நானும் நம்பினேன்.

இரண்டு வருஷத்தில் அது ஒரு அடி வளர்ந்துவிட்டது. அது ஒரு முறை திரும்பினால் நட்ட செடியெல்லாம் மேலே மிதக்கும். கீழ் வீட்டு நண்பர், "பக்கத்து ஏரியில விட்டுடுங்க, புண்ணியமாப் போகும்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாளியில் எடுத்தும் வைத்துவிட்டேன். கிளம்புவதற்கு முன் இது என்ன மீன் என்று தேடிப் படித்தேன். நல்லவேளை.

முதலில் நம்ம ஊர்க் கதை. எனக்குச் சொந்த ஊர் மாயவரம் பக்கம். வாய்க்காலில் தண்ணீர் வடியும்போது கெளுத்தி பிடித்து, முள் குத்தி, அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடிய கோஷ்டி நான். அந்த உடம்பில் கோடு போட்ட கெளுத்திக்கு அறிவியல் பெயர் வைத்தவர் யார் தெரியுமா? பெர்லினில் இருந்த மார்க்கஸ் எலியேசர் பிளாக் என்ற டாக்டர். ஆண்டு 1794. மீன் போனது நம் தரங்கம்பாடியிலிருந்து! அப்போது அது டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. அங்கே இருந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் மீன்களைப் பதப்படுத்தி பெர்லினுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நம் தேளி மீனுக்கும் அதே ஆண்டில், அதே டாக்டர்தான் பெயர் வைத்தார். கத்தாளை மீன்களில் ஒரு பேரினத்துக்கு 'ஜானியஸ்' என்று பெயர் வந்தது இந்த ஜானின் நினைவாகத்தான். வாய்க்காலில் பிடித்துத் தந்தவர்களின் பெயர் மட்டும் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

பாசம் இருந்தாலும் கோட்டுக் கெளுத்தி நம் தொட்டிக்கு ஆகாது. ஒரு சாணுக்குக் கிட்டே வளரும். ராத்திரி விளக்கை அணைத்தால் கப்பிகளின் எண்ணிக்கை குறையும்.

அடுத்த கதை தென் அமெரிக்காவில் நடந்தது. 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் போன டார்வின் கொண்டுவந்த மீன்களில் குட்டிக் கெளுத்தி ஒன்றும் இருந்தது. 1842இல் லியோனார்ட் ஜெனின்ஸ் அதை விவரித்து எழுதினார். 1878இல் பாரிஸில் பியர் கார்போனியே அதைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்தார். கடைகளில் 'கோரி' என்று விற்கும் கோரிடோரஸ் கூட்டத்தில் அதுவும் ஒன்று. இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் வளராது, யாரையும் கடிக்காது. ஆனால் டார்வின் கொண்டுவந்த வகைக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். ஹைதராபாத் மே மாதம் அதற்கு ஒத்துவராது. வெதுவெதுப்பைத் தாங்குவது 'ஸ்டெர்பாய்' வகை. ஜெர்மன் மீனியல் பேராசிரியர் குந்தர் ஸ்டெர்பாவின் பெயரை 1962இல் அதற்கு வைத்தார்கள்.

என் வாளியில் இருந்ததும் தென் அமெரிக்கக் கெளுத்திதான். ஆனால் அது வேறு சாதி. ஒன்றரை அடி வரை வளரும். உடம்பெல்லாம் கவசம், வலையைக் கிழிக்கும் முள். தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். முட்டையிடக் கரையைக் குடைந்து வளை தோண்டும். ஆந்திரா, தெலங்கானா மீனவர்கள் இதை 'டெவில் ஃபிஷ்' என்று திட்டுகிறார்கள். எங்கள் ஊர் சிசிஎம்பி விஞ்ஞானிகள், ஏரித் தண்ணீரில் கலந்திருக்கும் டிஎன்ஏவை வைத்தே இந்த மீன் அங்கே இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு முறை உருவாக்கியிருக்கிறார்கள். கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் சோதித்த நீர்நிலைகளில் பாதிக்கும் மேல் இது பரவியிருந்ததாம்.

ஹைதராபாத் ஏரிகளால் ஆன ஊர். 16ஆம் நூற்றாண்டில் குதுப் ஷாஹிகள் வெட்டிய ஹுசைன் சாகர், 1908 மூசி வெள்ளத்துக்குப் பிறகு 1920இல் கட்டி முடித்த உஸ்மான் சாகர் என்று எல்லாமே மனிதர்கள் கரை போட்டுத் தேக்கியவை. கரையைக் குடையும் மீனை, 'புண்ணியம்' என்று சொல்லி நானே ஒரு ஏரியில் விட இருந்தேன். பெட்டி படுக்கையோடு வேற்றூருக்கு வந்தவன் நான். வந்த இடத்துக்கு நான் செய்யும் கைம்மாறு இதுவா?

வாளியைத் தூக்கிக்கொண்டு நான்கு கடை ஏறி இறங்கினேன். நான்காவது கடைக்காரர், பெரிய தொட்டி வைத்திருப்பவர், சும்மாவே வாங்கிக்கொண்டார்.

இப்போது எங்கள் தொட்டியில் 6 ஸ்டெர்பாய் குட்டிகள். கூட்டமாக இருந்தால்தான் அவற்றுக்குத் தைரியம் வரும். மீசை தேயாமல் இருக்கக் கூர்க்கற்களை எடுத்துவிட்டு மெல்லிய மணல் போட்டிருக்கிறேன். மிச்சம் மீதியை நம்பி விடாமல் அடியில் மூழ்கும் தீனியைத் தனியாகப் போடுகிறோம். தொட்டி கழுவும் வேலை மட்டும் என் தலையில்தான்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது மகளைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போக வேண்டும். டேனிஷ் கோட்டையைக் காட்டிவிட்டு, இங்கிருந்துதான் நம்ம கெளுத்தி பெர்லினுக்குப் போச்சு என்று சொல்ல வேண்டும்.